விரல் காட்டிய பெயர்

ஜனவரி 8, 1994. சனி

கால்டன் டவுன் 2, பென்மார்ஷ் 1. கால்பந்து ஆட்டம் முழுக்க மழை. காலுறையைப் பிழிந்தால் ஒரு கோப்பை தண்ணீர் வரும். டோரீன் சூப்பைச் சூடாக்கி வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமான நாள் முதல் என் வர்ணனையை அடுப்படி ரேடியோவில் கேட்கிறவள். எதையாவது குறை சொல்லாமல் எனக்கு ஸ்பூனைக்கூடக் கொடுக்க மாட்டாள். இன்றைக்கு ஒரு குறையும் இல்லையாம். அதுதான் சரியாகப் படவில்லை.

டெர்மட் விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். வர்ணனைக் கூண்டில் என் பக்கத்து நாற்காலி அவனுடையது. டவுனின் பழைய தடுப்பாட்டக்காரன், முழங்கால் போன பிறகு வானொலிக்கு வந்தான். பந்து போகிற வழியை நான் சொல்வேன். பந்து நின்றதும் ஏன், எப்படி என்று அவன் சொல்வான். நடுவில் நாங்கள் பேசிக்கொள்ள முடியாது. மைக் என் மேலுதட்டோடு ஒட்டியிருக்கும், ஒரு முணுமுணுப்பு விட்டால் கால்டன் ஊருக்கே கேட்டுவிடும். அதனால் விரல்தான் பேச்சு. முன்னால் இருக்கும் அட்டையில் இரண்டு அணிப் பெயர்களும் அவரவர் நிற்கும் இடப்படி எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்களில் யார் யார் என்று எனக்குக் குழம்பினால், டெர்மட்டின் விரல் அந்தப் பெயரில் போய் உட்காரும். எல்லாக் கூண்டிலும் உள்ள வழக்கம்தான், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் இன்று நம் பையன்களின் பெயரிலும் விரலை வைக்கிறான். ரிக்கி டன் யார் என்று எனக்குக் காட்டுகிறான்! பல் விழுந்து முளைக்காத வயதிலிருந்து அந்தப் பையனைப் பார்க்கிறவன் நான். இவனை யார் கேட்டது?

இந்த வருஷ டைரியில் கோடே சரியாக அச்சாகவில்லை. மலிவுச் சரக்கு.

ஜனவரி 12. புதன்

கேரத் (எங்கள் தயாரிப்பாளர், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு) "சாவகாசமா ஒரு நாள் உட்கார்ந்து பேசணும் வில்ஃப், அவசரம் இல்ல" என்றான். அவசரம் இல்லாததை எதற்கு ஒரு மனிதன் நடைவழியில் நிறுத்திச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 22. சனி

கூண்டில் மூன்றாவது நாற்காலி போட்டிருக்கிறார்கள். லின்சி என்று ஒரு பெண். கோணப் பந்து, அதாவது கார்னர், எத்தனை, தவறாட்டம் எத்தனை என்று குறித்துக்கொள்ள வந்திருக்கிறாளாம். குறிக்கட்டும். ஆனால் குறிக்கிறவளுக்குத் தொலைநோக்கி எதற்கு? அதற்குத் தனியாக ஒரு சின்ன மைக் எதற்கு? இடைவேளைக்குக் கொஞ்சம் முன் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. பந்தோடு சேர்ந்து அசைகிறது.

நான் வர்ணனை செய்துகொண்டிருக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி வர்ணனை பழகுகிறாள். என் காதில் பூ சுற்றுகிறார்கள்.

கேரத்திடம் கேட்டேன். நல்ல பெண், ஹாக்கி வர்ணனை செய்தவள், உங்களுக்கு உதவியாக இருப்பாள் என்று இழுத்தான். எனக்கு எதற்கு உதவி? ஊன்றுகோல் கேட்டேனா?

பிப்ரவரி 5. சனி

கோப்பைக் காலிறுதியில் ஜெயித்துவிட்டோம். கீழ்ப்பிரிவு அணிகளுக்கான கோப்பைதான், பெரிய ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இறுதி ஆட்டம் நாட்டின் பெரிய மைதானமான வெம்ப்ளியில். கால்டன் டவுன் வெம்ப்ளியை எட்டிப் பார்த்ததே இல்லை. பனியிலும் சேற்றிலும், நாய் மைதானத்துக்குள் ஓடியதுதான் அன்றைய பெரிய நிகழ்ச்சி என்கிற ஆட்டங்களிலும் உட்கார்ந்து பேசியவன் நான். வெம்ப்ளியில் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். குளியலறையில் சொல்லிப் பார்ப்பேன். இங்கே எழுத மாட்டேன், எழுதினால் திருஷ்டி.

அந்த நாற்காலி என்னுடையது. எவனும் எவளும் அதில் கை வைக்க முடியாது.

கிளப் புதுச் சட்டை கொடுத்திருக்கிறது. முதுகில் எண் இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா என்று தெரியவில்லை. விளக்கும் அழுது வடிகிறது. யாரிடம் சொல்ல.

சாப்பிடும்போது டோரீன், "அந்த ரெண்டாவது கோல் விழறப்ப டீ குடிச்சிட்டு இருந்தியா?" என்று கேட்டாள். ஏன் என்றேன். ஒன்றுமில்லை என்றாள். அப்புறம், கண் டாக்டரிடம் எப்போது போகப் போகிறாய் என்று பேச்சை மாற்றினாள்.

பிப்ரவரி 16. புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

கடையிலிருந்து வந்தேன். கதவைத் திறக்கும்போதே டோரீன் போனில், "வந்துட்டாரு, அப்புறம் பேசறேன்." யார் என்றேன். தங்கை மேவிஸ் என்றாள். மேவிஸ் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள், மார்ச்சில்தான் வருவாள். அவள் அனுப்பிய படஅட்டை அலமாரியிலேயே நிற்கிறது. டோரீனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பாவம்.

அவள் மாடிக்குப் போனதும், கடைசியாக அழைத்த எண்ணையே திரும்ப அழைக்கும் பொத்தானை அமுக்கினேன். மணி அடித்தது. "கால்டன் வானொலி, விளையாட்டுப் பிரிவு" என்றது கேரத்தின் குரல். வைத்துவிட்டேன்.

கட்டின பெண்டாட்டியுமா? என்ன பேசினாங்க? எதுக்கு எனக்குத் தெரியாம பேசணும்? என்னைத் தூக்கறதுன்னா நேரா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே, என் வீட்டுக்குள்ள ஏன் வர்றீங்க?

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

பிப்ரவரி 19. சனி

இன்றைக்கு மூவரையும் கவனித்தேன். பந்தைவிட அவர்களைத்தான் அதிகம் கவனித்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். லின்சியின் உதடு அசையும். உடனே டெர்மட் விரல் நகரும். அவள் அவனைப் பார்ப்பாள், அவன் கேரத்தைப் பார்ப்பான். கோல் இல்லாத சமன்.

மார்ச் 5. சனி

ஆட்டம் முடிந்து டெர்மட்டோடு பியர் குடிக்கப் போனேன். வாயைக் கிளறிப் பார்க்கலாம் என்றுதான். வெம்ப்ளி போனால் கூண்டில் யார் யார் என்றேன், சும்மா கேட்பதுபோல. அவன் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்கிறான்:

"வில்ஃப், அந்த சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

"உன் வேலையைப் பார்னு எழுதியிருக்கு" என்றேன். சிரித்தான், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. தவறு செய்ய வைப்பார்கள். அதுதான் திட்டமாக இருக்கும். ஊர் கேட்கிற ஒரு பெரிய தவறு. அப்புறம் கேரத் அந்தச் சிரிப்போடு வந்து, பார்த்தாயா வில்ஃப், நாங்கள் என்ன செய்வது என்பான்.

விரலை நம்பக் கூடாது.

மார்ச் 15. செவ்வாய்

அரையிறுதி. ஜெயித்துவிட்டோம். வெம்ப்ளி போகிறோம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒன்றுக்கு ஒன்று சமன். கடைசி நிமிடம், இடது மூலையிலிருந்து கோணப் பந்து. ஒரே தள்ளுமுள்ளு. நடுவில் மஞ்சள் முடித் தலை ஒன்று எழும்பியது, வலை ஆடியது. அணியில் மஞ்சள் தலை இரண்டு. ரிக்கி டன், நீல் போஸ்டாக். டெர்மட் விரல் போஸ்டாக் மேல் விழுந்தது, அட்டையைக் குத்தி ஓட்டை போடுகிற மாதிரி. வந்துவிட்டது என்று நினைத்தேன். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தார்கள். போஸ்டாக் தடுப்பாட்டக்காரன், அவனுக்கு அங்கே என்ன வேலை? டெர்மட்டின் கையைத் தட்டிவிட்டேன். "டன்! ரிக்கி டன்! கால்டனை வெம்ப்ளிக்கு அழைத்துப் போகிறான் ரிக்கி டன்!"

டெர்மட் தன் மைக்கில் மெதுவாக, "போஸ்டாக் மாதிரி தெரிஞ்சுதே, வில்ஃப்" என்றான். ஒலிபரப்பிலேயே! "இல்லை டெர்மட், டன்தான். சந்தேகமே இல்லை" என்றேன்.

மைதான ஒலிபெருக்கி அப்போதுதான் பேசியது. கோல் அடித்தவர் நீல் போஸ்டாக். என் மைக் வழியாகவே அது ஊருக்குப் போனது.

மார்ச் 16. புதன்

மீன் கடைக்குப் போயிருக்கவே கூடாது. போஸ்டாக்கின் அம்மா ஜாய்ஸ் அங்கேதான் வேலை செய்கிறாள் என்பது தெரிந்த விஷயம்தானே. வறுத்த மீனைத் தாளில் சுற்றிக்கொண்டே பேசினாள். கோபமே இல்லை.

"நீலோட அப்பா ஆஸ்பத்திரில, நெஞ்சு வலி. ரேடியோ வச்சிக்கிட்டு இருந்தாரு. டன் வீட்டுக்காரங்க சந்தோஷப்படுவாங்கனு சொல்லி அணைச்சிட்டுத் தூங்கிட்டாராம். காலைல பேப்பரைக் காட்டித்தான் நம்ப வச்சேன். வினிகர் போடவா?"

போடச் சொன்னேன். வெளியே வந்து பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். ஒரு தகப்பன் வாழ்நாளில் ஒரு தடவை கேட்க வேண்டியதை நான் எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 17. வியாழன்

டோரீனிடம் கேட்டுவிட்டேன். கேரத்துக்கு எதற்குப் போன் செய்தாய், எத்தனை நாளாக இது நடக்கிறது என்றெல்லாம். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கூட்டம் முதல்ல கத்துது, வில்ஃப். அதுக்கப்புறம்தான் நீ."

புரியவில்லை என்றேன். புரிந்துவிட்டது.

"இத்தனை வருஷமும் உன் குரல்தான் முதல்ல வரும். அதுக்குள்ள நான் எழுந்து நின்னுடுவேன், அப்புறம்தான் கூட்டம். நவம்பர்லேருந்து தலைகீழா இருக்கு. கூட்டத்தைக் கேட்டுட்டுத்தான் நீயே சொல்றே. கண்ணைக் காட்டுன்னா மைதான விளக்கைத் திட்டறே. நான் வேற என்ன செய்ய?"

கேரத்துக்கு முதலில் போன் செய்தவள் அவள்தான். வேலையை விட்டு எடுக்கச் சொல்லி அல்ல. வெம்ப்ளி வரைக்குமாவது எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். விரல் யோசனை டெர்மட்டுடையது. ஆனால் பேச்சுக்கும் பார்வைக்கும் நடுவே அவனுக்கும் வேகம் போதவில்லை. அதற்குத்தான் லின்சி. தொலைநோக்கியில் பார்த்து அவள் பெயரை முணுமுணுப்பாள், அது டெர்மட் காதில் மட்டும் விழும், அவன் விரலை வைப்பான். அவள் உதடு அசைந்தது எனக்காக.

ஆக, என் முதுகுக்குப் பின்னால் சதி நடந்தது உண்மைதான். அதை நான் தப்பாகக் கணிக்கவில்லை.

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டோரீன் என் கைமேல் கையை வைத்தாள். அழுதேன். எழுதுவதற்கு என்ன, அழுதேன்.

மார்ச் 24. வியாழன்

கண் டாக்டர் கட்டம் போட்ட தாளைக் காட்டி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். கோடுகள் வளைந்து ஓடின, புள்ளியைக் காணவில்லை. ஓரத்துப் பார்வை தங்கும், நடுப்பார்வை திரும்ப வராது என்றார். மைதானம் தெரியும், கூட்டம் தெரியும், பந்து வைத்திருக்கிறவன் முகம் மட்டும் தெரியாது. எனக்கென்றே பார்த்துச் செய்த மாதிரி ஒரு வியாதி.

மார்ச் 28. திங்கள்

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். கேரத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. இல்லாதபோதுதான் அது எவ்வளவு நல்ல சிரிப்பு என்று தெரிகிறது. வெம்ப்ளிக்கு நீதான் என்றான். டெர்மட் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, "இது வரும், நீ வா. தட்டி மட்டும் விடாதே" என்றான்.

ஆசைதான். எவ்வளவு ஆசை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஜாய்ஸ் சுற்றிக் கொடுத்த அந்த மீன் பொட்டலம் கண்முன் நிற்கிறது. லின்சி பார்க்க, டெர்மட் காட்ட, நான் சொல்ல. மூன்று கை மாறி வருகிற பெயர் கூட்டத்துக்கு முன்னால் எப்படி வரும்?

நாற்காலியை லின்சிக்குக் கொடுங்கள் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் பென்மார்ஷிலிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள், அவன் 'கால்டன்' என்பதையே சரியாகச் சொல்ல மாட்டான் என்று பயம் காட்டிய பிறகுதான் சம்மதித்தாள். ரொம்பத்தான் பிகு செய்தாள். நிஜமாகவே வேண்டாமென்றாளா, இல்லை... சீ, போதும்.

ஏப்ரல் 9. சனி

லின்சி தேநீருக்கு வந்தாள். மூச்சை எங்கே இழுப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். ஏற்கெனவே தெரியும் என்றாள். தெரியத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 24. ஞாயிறு

தடித்த பேனாவில் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஐந்து வரிதான் வருகிறது.

கிளப் டிக்கெட் அனுப்பியிருந்தது. போகவில்லை. நானும் டோரீனும் அடுப்படியில் ரேடியோவுக்கு முன்னால். 'அருமை' என்ற சொல்லை லின்சி அளவுக்கு மீறிச் செலவழிக்கிறாள், சொல்ல வேண்டும். தோற்றுப்போனோம், இரண்டுக்கு ஒன்று. என் வாக்கியம் ஜெயிப்பதற்கென்று வைத்திருந்தது, யாருக்கும் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த ஒன்று! கோணப் பந்து. "போஸ்டாக்!" என்றாள். டோரீன் எழுந்து நின்றுவிட்டாள். அதற்கப்புறம்தான் கூட்டம், அணை உடைந்த மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து போஸ்டாக்கின் அப்பா போன வாரமே வீட்டுக்கு வந்துவிட்டாராம், கேட்டிருப்பார்.

டோரீன் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்து டீக்கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காமல், அதை மைக் மாதிரி மேலுதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.