முகம் திருப்பாத மசூர்க்கா

லெனின்கிராட்,
மார்ச் 1958

அன்புப் பேத்தி அக்லாயாவுக்கு, முத்தங்களுடன் பாட்டி மர்ஃபா எழுதுவது.

ஜார் காலத்தில், அந்தப் படம் பிடித்த அன்று நாடகசாலை முற்றத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேள். மசூர்க்கா நடனம் ஆடிய என் அக்கா உஸ்தீன்யா, அவளுக்கு ஜோடியாக இக்னாத், ஆட்டத்தை நடத்திய அர்த்தமோன், படம் பிடிக்கும் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிய உன் தாத்தா லாவ்ரென்டி, ஓரமாக நின்று கைதட்டித் தாளம் கொடுத்த நான். பேர்பெற்ற ஆட்டக்காரி எமிலியா அங்கே இல்லவே இல்லை. உங்கள் படக் காப்பகத்தில் சுருள்மேல் அவள் பெயர்தான் இருக்கிறது என்கிறாயே, நன்றாகத்தான் இருக்கிறது!

"முற்றத்துப் பலகையில குதிக்க நான் என்ன ஆடா?" என்று எமிலியா வண்டியேறிப் போய்விட்டாள். அர்த்தமோன் அக்காவை இழுத்து வந்து, "மசூர்க்கா ஆடு, மூஞ்சியக் காட்டாத. படம் எமிலியா பேர்லதான் விக்கும்" என்றார். "முதுகுக்கும் பேர் உண்டு ஐயா" என்றாள் அவள். என்னிடம் மட்டும், "கடைசிச் சுத்துல திரும்பிடறேன், பாருடி" என்றாள். திரும்பினாள், பல் தெரியச் சிரித்தாள்.

"அதுக்குள்ள சுருள் தீந்துபோச்சு" என்று கைவிரித்தார் உன் தாத்தா. வந்த குளிர்காலத்தில் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு வேறு படமே கிடையாது. அவளுக்காக என்னோடு சேர்ந்து அழுதவர் என்றுதான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கிறது? பலகையில் தூசி எழும்புகிறதா? ஓரத்தில் என் கை தெரிகிறதா? இடது பூட்ஸைப் பார், குதிகாலை நாடாவால் இறுக்கியிருக்கும். அது என் பூட்ஸ். எமிலியா அதைத் தொட்டிருக்கவே மாட்டாள். உன் மேலதிகாரிக்கு அதைக் காட்டி, அக்கா பெயரை எழுதவை.

ஆட்டம் பாதியில் நிற்கிறது, பிறகும் மூலச்சுருளில் படம் பதியாத மிச்சம் நிறையக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் பக்கத்து அறைக்காரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசிச் சுற்றில் அர்த்தமோன் உன் தாத்தாவைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். ஈ விரட்டுகிறார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

எமிலியாவை மன்னித்தேன், அக்கா படுத்தபோது விறகு அனுப்பியவள். அர்த்தமோனுக்கு அதுதான் பிழைப்பு. இந்த ஈஸ்டருக்கு உன் தாத்தா கல்லறையில் வழக்கமாக வைக்கும் சிவப்பு முட்டையை நீயே எடுத்துப் போ, நான் வரவில்லை. கர்த்தர் உன் கண்ணைக் காக்கட்டும். அக்கா பெயரை எழுதாமல் விட்டுவிடாதே, கண்ணே. நான் மன்னிக்காதது ஒருவரைத்தான். என் லாவ்ரென்டியை.