செக்குமேட்டுத் தெருவில் ஐம்பத்து மூன்று

18 ஜூன், புதன்

காலையிலேயே ஜெராக்ஸ் மெஷினில் டோனர் தீர்ந்து, பாதிப் பக்கம் வெள்ளையாக வந்தது. டோனருக்காக வேலூருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம். ஜோதியம்மாளை வேன் அடித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் பூ விற்கிறவர். எதிர்ச்சாரியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டதாம். வேன் நிற்கவே இல்லை.

புதுத் தார் போட்ட ஒன்பது மாதத்தில் இது நான்காவது. பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டுக்குக் குறுக்குவழி என்று எல்லா வண்டியும் எங்கள் செக்குமேட்டுத் தெருவில்தான் பறக்கிறது. என் ஜெராக்ஸ் கடை வாசல் வரை சிதறிய மல்லியை நான்தான் பொறுக்கினேன். இப்போதே மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். பயமா? இல்லை. கோவம்.

23 ஜூன், திங்கள்

மாநகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. வாங்கியவர் தலை நிமிராமலே, "வேகமா போறாங்கன்றீங்க. எவ்ளோ வேகம்? ஆதாரம் இருக்குதா?" என்றார்.

கால் ஒடஞ்சி கெடக்குறது ஆதாரம் இல்லியா?

சரி. கொண்டாறேன்.

27 ஜூன், வெள்ளி

டேப் பிடித்து ஐம்பது மீட்டர் அளந்து, சுண்ணாம்பால் ரெண்டு கோடு போட்டேன். மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கடை வாசலில் நோட்டும் போனுமாக உட்கார்ந்திருக்கிறேன். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது போனில் ஸ்டாப்வாட்சை அழுத்துவது, அடுத்த கோட்டில் நிறுத்துவது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வண்டி. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கீழே போனது அறுபத்தொன்றுதான்.

நேற்று ஒரு ஷேர் ஆட்டோ. மூன்று புள்ளி நான்கு வினாடி. கணக்குப் போட்டால் மணிக்கு ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். வண்டி எண்ணைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பின்னால் எழுதியிருந்தது எங்கள் மகள் பெயர் — கவிநிலா. ஓட்டியது என் வீட்டுக்காரர்.

28 ஜூன், சனி

சொன்னேன். சிரித்தார். "ட்ரிப் அடிக்க வேணாவா? நீ என்னாத்துக்கு என் வண்டிய எழுதுற? அத அடிச்சிடு."

அந்த வரியை நான் அடிக்கவில்லை.

4 ஜூலை, வெள்ளி

மாநகராட்சிப் பொறியாளர் எழில் கடைக்கே வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். வேகத்தடை போடுங்கள் என்று நான் ஆரம்பித்ததும் தலையை ஆட்டினார். "தடையத் தாண்டினதும் மறுபடி முறுக்குவாங்கக்கா. ரோடு அகலமா, நேரா இருந்தா கால் தானா அழுத்தும். ரோட்டக் குறுக்கணும்."

வீணான காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தே காட்டினார். இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்குவது. பள்ளிக்கூட வாசலில் ரோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி, கடக்கிற மேடை ஒன்று. முதலில் மணல் நிரப்பின டிரம் வைத்து ஒரு மாதம் பார்ப்போம் என்றார். ஆனால் தெருக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமாம்.

11 ஜூலை, வெள்ளி

நேற்றுப் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ஊரே இன்று தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட ஹாலுக்கு மட்டும் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

ஓட்டல் வைத்திருக்கும் சுப்பிரமணிதான் முதலில் எழுந்தார். "ரோட்டக் குறுக்கினா கஸ்டமருங்க வண்டிய எங்க நிறுத்துவாங்க? மலை மேலயா?" எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "லிஸ்ட் எழுதனியே திரௌபதி, உங்க வீட்டுக்காரர் வண்டி இருக்குதா அதுல?" என்றார்.

எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நோட்டைப் பிரித்தேன். வண்டி எண்ணைப் படித்தேன். சடையன் என்று பெயரையும் சொன்னேன். "ஐம்பத்து மூணு. என் வீட்டு வண்டியே இந்த வேகத்துல போவுதுன்னா மத்தவன் எப்படிப் போவான்? அதனாலதான் கேக்குறேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு மாதச் சோதனைக்குச் சம்மதம் கிடைத்தது. எதிர்த்தவர்களைவிடப் பத்து கைதான் கூட.

13 ஜூலை, ஞாயிறு

வீட்டுக்காரர் இரண்டு நாளாகத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிடுகிறார். நான் செய்தது தப்பா? வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாமோ? சொன்னேனே. சிரிச்சாரே.

21 ஜூலை, திங்கள்

டிரம்கள் வந்தன. இருபத்து நான்கு. வேன்கள் தவித்துத் தவித்து ஊர்ந்தன. இன்றைக்கு மட்டும் என் காதில் விழுந்த வசவுகளை எழுதினால் நோட்டுப் போதாது.

23 ஜூலை, புதன்

காலையில் பதினோரு டிரம் கால்வாயில் கிடந்தன. யார் உருட்டினார்கள்? யாரும் பார்க்கவில்லையாம்!

எழிலுக்குப் போன் செய்தேன். ஆள் வரப் பதினோரு மணி ஆகும் என்றார். எட்டரைக்குப் பிள்ளைகள் வருவார்களே. கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய், பள்ளிக்கூட வாசலுக்கு நேரே டிரம் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வேன்காரன் பம்பரை என் முழங்கால் வரை கொண்டுவந்து நிறுத்தி, "சாவணும்னா வேற எடம் கெடைக்கலியா?" என்றான். "ஏத்திட்டுப் போ. உன் நம்பர் எழுதிட்டேன்" என்றேன்.  எழுந்திருக்கவில்லை.

அப்போது இவர் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சவாரி ஆள் இல்லை.

"எந்திரி."

"மாட்டேன்."

"எந்திரின்றேன்ல. நீ ஒக்காந்தா ஒரு முழம் அடையும். வண்டிய நிறுத்தினா நாலு முழம் அடையும். நவுரு."

குறுக்கே நிறுத்திவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பதினோரு மணி வரை எடுக்கவில்லை. சவாரிக்குக் கூப்பிட்டவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். 

24 ஜூலை, வியாழன்

உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார்.

22 ஆகஸ்ட், வெள்ளி

மறுபடி எண்ணினேன். முன்பு சராசரி வேகம் நாற்பத்தாறு. இப்போது இருபத்தேழு. ஒருவருக்கும் அடி படவில்லை. எழில் நோட்டை வாங்கிப் போனார். நடைபாதைக்காக என் கடைத் தகரத்தை ரெண்டடி வெட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாளைக்கே வெட்டுங்க" என்றேன். சுப்பிரமணி இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.

14 நவம்பர், வெள்ளி

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று ராவும் பகலுமாக வேலை செய்து, மேடை போட்டுவிட்டார்கள். ஜோதியம்மாள் கைத்தடியோடு வந்து, அதன் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரெண்டு தடவை நடந்தார். "கல்யாணப் பொண்ணாட்டம் மேடையேத்திட்டீங்க" என்று வைதார்.

9 டிசம்பர், செவ்வாய்

நாலு மணி டீக்கு வருகிற வீட்டுக்காரர் இன்று நாலரைக்கு வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இஸ்கூல் வுட்டாங்க. மேடைகிட்ட நின்னா, புள்ளைங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கினே இருக்குதுங்க. முடியட்டும்னு நின்னேன்."

குறை சொல்வது போலத்தான் சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக் கொடுத்தேன்.