நாலாவது பத்து

மாமி,

இன்று காலையில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் போயிருந்தேன். அங்கே ஒரு மினி லாரியில் பழைய கயிறு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடல்தண்ணீரில் ஊறிப் பாதி காய்ந்த, தார் மணம் கலந்த கயிறு. அந்த வாசனை மூக்கில் பட்டதும் நின்றுவிட்டேன். நல்ல வெயில், சுற்றிலும் ஆட்கள், இருந்தும் கையெல்லாம் மயிர் சிலிர்த்தது. நம் வீட்டு முன்னறையில், சாயங்காலச் செபத்தின்போது, நாலாவது பத்து நெருங்குகையில் வருமே, அதே வாசனை.

நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டன்ட் வீட்டில் பிறந்த நான் உங்களுக்கு மருமகளாக வந்த முதல் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் வேறு மாதிரி. வேதம் வாசிப்போம், ஒரு பாட்டுப் பாடுவோம், அப்பா கண்ணை மூடி ஜெபிப்பார். செபமாலையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. நீங்கள் பாயை விரித்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டீர்கள். “இன்னைக்குச் சும்மா கேளு. போகப்போக வாயில தானா வரும்” என்றீர்கள்.

செபமாலையில் ஐந்து பத்துகள், ஒவ்வொரு பத்துக்கும் பத்து மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடிபட்டது. முதல் பத்தை நீங்கள் நடத்தினீர்கள், அடுத்ததை உங்கள் மூத்த மகன், என் வீட்டுக்காரர். மூன்றாவதும் உங்களுடையதே. கடைசிப் பத்து என் கொழுந்தன் சின்னவனுக்கு. நாலாவதை மட்டும் எனக்குப் பின்னாலிருந்து, கதவோரமாக, ஒரு ஆண்குரல் சொன்னது. அடங்கிய, கரகரப்பான குரல். மெழுகு மணத்தை மீறி ஈரக்கயிற்றின் வாடை வந்தது. பெரியவர் யாரோ தாமதமாக வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். புதுப்பெண் திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்று பார்க்கவில்லை.

செபம் முடிந்து திரும்பினால் கதவோரம் வெறுமையாக இருந்தது.

“பின்னால இருந்து செபம் சொன்னது யாரு மாமி? நீங்கல்லாம் அருள் நிறைந்தன்னு ஆரம்பிச்சீங்க. அவரு மட்டும் பிரியதத்தம்னு ஏதோ சொன்னாரே” என்று கேட்டேன்.

உங்கள் மகனின் முகம் இறுகிப்போனது. சின்னவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நீங்கள் என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனீர்கள்.

“உனக்கும் கேட்டுச்சா?”

அப்போதுதான் மாமாவைப் பற்றிச் சொன்னீர்கள். இலங்கைக்குச் சரக்கேற்றிப் போன தோணி கவிழ்ந்ததையும், மற்றவர்கள் கரை சேர்ந்து அவர் மட்டும் வராததையும், உடல் கடைசிவரை கிடைக்காததையும் சொன்னீர்கள். கோவிலில் செபத்தைப் புது வார்த்தைகளுக்கு மாற்றிய பிறகும், சாகிறவரை ‘பிரியதத்தம்’ என்று தொடங்கும் பழைய பாடத்தைத்தான் அவர் சொல்லிவந்தாராம். உடம்பைப் பார்க்காமல் இறந்தோர் பூசை வைக்க மாட்டேன் என்று பங்குச்சாமியிடம் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அவருடைய பத்தையும் வேறு யாரும் சொல்ல நீங்கள் விடவில்லை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு முன்பாதி சொல்லும் நேரம் கழித்து நீங்கள் பின்பாதியைத் தொடங்குவீர்கள். “அந்த நேரத்துல அவர் சொல்லுதாரு. எனக்கு மட்டுந்தான் கேக்குன்னு நெனச்சேன். பைத்தியம் பிடிச்சிட்டோன்னு பயந்துகிட்டே இருந்தேன்ளா” என்று சொல்லி, என் தோளில் சாய்ந்து அழுதீர்கள்.

உங்கள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்தார். “அம்மாவ டாக்டர்ட்ட காட்டணும்னு நானே தவிச்சுக்கிட்டு இருக்கேன். நீயும் சேந்துக்கிடாத.” அவர் காதில் எதுவும் விழுந்ததில்லை. சின்னவனுக்கு விழுந்ததா என்று அவன் சொன்னதே இல்லை. ஆனால் அன்றிலிருந்து செப நேரத்தில் அவன் வீட்டில் தங்குவது குறைந்துபோயிற்று.

மறுநாள் மூன்றாவது பத்தை எனக்குத் தந்தீர்கள். “உன் பேருக்கு ஒரு பத்து இருக்கணும். அப்பந்தான் நீ இந்த வீட்டு ஆளு” என்றீர்கள். என் பத்து முடிந்ததும் ஒரு சங்கீதம் வாசிக்கவும் சொன்னீர்கள். “உங்க அப்பா வீட்டு வழக்கத்த எதுக்கு விடணும்? ரெண்டும் இருக்கட்டும்.” வேறு சபைப் பெண் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் செய்தது அது. பின்பாதியில் ‘இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்’ என்று வருவதை நான் எப்போதும் மாற்றி, இறப்பை முதலில் சொல்லிவிடுவேன். ‘இப்பொழுதும்’ என்ற சொல் எல்லோருக்கும் பிந்தி தனியாக ஒலிக்கும். எப்போதாவது செபத்துக்கு இருக்கும் நாளில் சின்னவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொள்வான்.

பிறகு அந்தச் சாயங்காலம் வந்தது. சின்னவன் விடியலில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போயிருந்தான். அவன் இல்லாத நாட்களில் கடைசிப் பத்தை நீங்கள் சொல்வது வழக்கம். நாலாவது முடிந்து, கடைசியைத் தொடங்க நீங்கள் மூச்சை இழுத்தீர்கள். குரல் நிற்கவில்லை. மாமா அடுத்த பத்தையும் தொடங்கிவிட்டார்.

மெழுகுவர்த்திச் சுடர் ஆடாமல் நின்றது. பின்னாலிருந்து வந்த குரல் முன்னைவிடப் பக்கத்தில், ஆசையோடு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. நீங்கள் பாயைவிட்டு எழுந்து கதவைப் பார்த்து நின்றீர்கள்.

“அது சின்னவனுக்குள்ளது. அத விட்டுருங்க” என்றீர்கள்.

குரல் தொடர்ந்தது. நீங்கள் எங்களைப் பார்த்து, “சத்தமாச் சொல்லுங்க. அவர் சத்தம் கேக்கக்கூடாது” என்றீர்கள். இத்தனை நாள் நம்பாத உங்கள் மூத்த மகனும் உங்கள் முகத்தைப் பார்த்து முழங்காலில் நின்றுவிட்டார். நீங்கள் முன்பாதியைக் கத்திச் சொன்னீர்கள். நாங்கள் தொண்டை கிழியப் பின்பாதியைச் சொன்னோம். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து மணிகளும் முடிந்தபோது அறையில் நம் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

சற்று நேரத்தில் சின்னவனைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். கரைக்குத் திரும்பும்போது படகு சாய்ந்ததில் தவறி விழுந்திருக்கிறான். என்ஜின் சத்தத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆளைக் காணோம் என்று படகைத் திருப்பி வந்து தேடி எடுத்திருக்கிறார்கள். ஈர உடம்போடு வந்து உங்கள் மடியில் தலைவைத்துக் கிடந்தான். நீங்கள் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தீர்கள்.

“அப்பா சத்தம் கேட்டுச்சும்மா, தண்ணிக்கு அடியில” என்றான். “பயமாவே இல்ல. போயிரலாம்னு இருந்துச்சு. அப்ப மேல ஒரே இரைச்சல். ஆளாளுக்குக் கத்துனமாரி. அதுல மதினி மட்டும் கடைசில தப்பா ‘இப்பொழுதும், இப்பொழுதும்’னு சொல்லுதா. அதக் கேட்டு மேல வந்தேன்.”

உங்கள் மூத்த மகன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் நீங்களே பங்குச்சாமியைப் பார்க்கப் போனீர்கள். துணைக்கு நானும் வந்தேன். வழியில் சொன்னீர்கள்: “அவரு கெட்டது நெனைக்கல. அங்கன தனியா இருக்காரு, துணைக்குப் பிள்ளையக் கூப்பிட்டிருக்காரு. தப்பு எம்மேல. போகவும் விடாம, வீட்டுக்குள்ள வரவும் விடாம, வாசல்லயே இருத்தி வச்சிருந்தேன்.” பூசையில் மாமாவின் பெயரை வாசித்தபோது நீங்கள் அழவில்லை. அன்று சாயங்காலம் சின்னவனைப் பார்த்து, “அப்பா பத்த இனி நீ சொல்லு” என்றீர்கள். அவன் பழைய பாடத்தில், பிரியதத்தம் என்றே தொடங்கினான். கதவோரம் எதுவும் கேட்கவில்லை, எந்த வாசனையும் வரவில்லை. அதன் பிறகு அவன் கரையில் இருந்த நாளில் ஒருமுறைகூடச் செபத்தைத் தவறவிடவில்லை.

உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில், கஞ்சி புகட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். “என் பத்த ஒரு நாளும் சும்மா விடாதளா. என்னை அடக்கம் பண்ணுத அன்னைக்கே நீ சொல்லிரு. எனக்கு எடம் வச்சீன்னா நான் வந்துருவேன். எனக்குத் தெரியும், நான் வந்துருவேன்.”

அடக்கம் முடிந்து வந்து அன்றைக்கே எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். முதல் பத்து உங்களுடையது. யார் தொடங்குவது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மூச்சு நேரம் அறை அமைதியாக இருந்தது. அதற்குள் பின்னால் சேலை உரசும் சத்தம் கேட்டதுபோல் இருந்தது. உடனே தொடங்கிவிட்டேன்.

இன்றுவரை அந்தப் பத்தை நான்தான் சொல்லி வருகிறேன், மாமி. வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். சில சாயங்காலங்களில் உங்கள் நினைப்பு தாங்க முடியாமல் வரும். ஒரு மணிக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ளலாமா, ஒரே ஒருமுறை உங்கள் குரலைக் கேட்டுவிடலாமா என்று இருக்கும். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே, உங்களுக்கு இடம் விடாமல், சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறேன்.