ஒரு ராத்திரிக்கு மேல் தங்கிய பிரம்பு

அண்ணே,

தையல் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற மூலையில், சுவரில் ஒரு எண்ணெய்க் கறை விழுந்திருக்கிறது. பிரம்பு சாய்ந்து நின்ற இடம். விளக்கெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. காலையில் கடையைத் திறந்ததும் அதுதான் முதலில் மூக்கில் ஏறுகிறது. துணி வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தால் கோடு தப்பி வெட்டுகிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, "என்னக்கா, காய்ச்சலா?" என்று கேட்டேவிட்டாள். காய்ச்சல் இல்லை. பயம். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், நீயோ போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகிறது. இருந்தாலும் சொல்கிறேன். நடுவில் சிரிக்காமல் கேள்.

கோவில்பட்டியில் நீ அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடை, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். டவுன் பஸ் ஏறி இடைசெவல் தாண்டி நம் ஊரில் இறங்கினால் நீ மகாராஜா. டிக்கெட் கொடுத்த கண்டக்டர்கூடச் சிரிப்பான். ஜமீன் போனது தாத்தா காலத்துக்கு முன்னால். அரண்மனை இடிந்து, உள்ளே சீமைக்கருவேலம் முளைத்து, ஆடு மேய்கிறது. நமக்கு மிஞ்சியது ஒரு பட்டமும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு காலைப்பொழுது வேலையும்தான்.

அந்த வேலை உனக்குத் தெரியாததா? ஆனால் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்கே விளங்குகிறது. கோயில், கண்மாய், ஆடு மேய்கிற மந்தைவெளி, இதெல்லாம் நம் ஊர்க்கமிட்டியின் பொறுப்பு. கமிட்டித் தலைவருக்கு அடையாளம் வெள்ளிப்பூண் போட்ட அந்தப் பிரம்பு. தவணை முடிந்ததும் பழைய தலைவர் அதை எண்ணெய் பூசிக் கொண்டுவந்து நம் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் காலை வீட்டுக்கு ஒருவர் வந்து, போட்டிக்கு நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிற பானைகளில் ஒன்றில் ஒரு பருத்திக்கொட்டையைப் போடுவார். எவர் பானை கனக்கிறதோ அவர் தலைவர். அப்புறம்தான் மகாராஜா கோயில் முன்னால் நின்று, "ஊரைக் கேட்டாச்சா?" என்று கேட்பார். கூட்டம் "கேட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். "ஆகட்டும்" என்று பிரம்பைக் கொடுத்துவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நீ கடைக்கு வந்துவிடுவாய். ராஜாங்கம் முடிந்தது.

உன் கடை டிவியில் ஒரு தடவை சீமை ராஜா, அதுதான் இங்கிலாந்து ராஜா, பார்லிமெண்டில் பேசுவதைக் காட்டினார்கள். தலையில் கிரீடம், தோளில் தரையைக் கூட்டுகிற அங்கி. நீ ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாய். "ஏட்டி, இங்கன வந்து பாரு. என் அரசாங்கம் இதைச் செய்யும், என் அரசாங்கம் அதைச் செய்யும்னு வாசிக்காரு. அதுல ஒரு வரி அவர் எழுதினது கெடையாது. மந்திரிமாரு எழுதிக் கொடுத்தது. நாளைக்கு வேற கட்சி வந்து நேர்மாறா எழுதிக் கொடுத்தாலும் அதே குரல்ல வாசிக்கணும். நம்ம பொழப்புதான் அவருக்கும். அவருக்குக் கிரீடம் கனக்குது, நமக்குக் கம்பு." நான், "அப்ப அந்த ஆளு எதுக்கு? ஒரு ரேடியோப் பெட்டியை வச்சாப் போதாதா?" என்றேன். நீ பதில் சொல்லாமல் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தாய். அப்படித்தான், வசமாக மாட்டினால் உனக்கு உடனே வேலை வந்துவிடும்.

கோயில் முன்னால் நின்ற வேப்பமரங்களை வெட்டி மண்டபம் கட்டக் கமிட்டியில் முடிவு செய்தார்களே, அந்த வருஷம் உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உனக்கு அந்த மரங்கள் என்றால் உயிர். அப்போதிருந்த தலைவரை டீக்கடைக்குத் தனியாகக் கூட்டிப்போய், சாயங்காலம் முழுக்க மன்றாடினாய். அவர் கேட்கவில்லை. மறுநாள் கொட்டை போட்டதில் அவரே ஜெயிக்க, நீ ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று "ஆகட்டும்" என்று அவர் கையில் பிரம்பைக் கொடுத்தாய். வரும் வழியெல்லாம் நான் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல ஒனக்கு வாய் இல்லையா?" ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சொல்ல வேண்டியதை அவர் காதுல சொல்லியாச்சு. சபையில நான் மறிச்சா ஊரு கேக்கத்தான் செய்யும். அதான் பயம். இன்னைக்கு நல்லதுக்கு மறிப்பேன், நாளைக்கு என்னைய மறிக்க ஆரு இருக்கா?" எனக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது.

ஒவ்வொரு தடவையும் பிரம்பைக் கொடுக்கும்போது உன் கை நடுங்கும். சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரை ஒழுங்காகப் போடு என்று சண்டை பிடித்தேன்.

நீ போன பிறகு உன் மகன், "எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் அத்தை" என்று சென்னைக்கு ரயிலேறிவிட்டான். அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. பொம்பள கையில கம்பா என்று சிலர் முனகினார்கள். ஆடு மேய்க்கிற சுப்பக்காதான், "கரண்டி பிடிக்கலாம், களைவெட்டி பிடிக்கலாம், கம்பு மட்டும் கையில ஒட்டாதாக்கும்!" என்று அவர்கள் வாயை அடைத்தாள். சரி, மூன்று வருஷத்துக்கு ஒரு வார்த்தை, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

இப்போதைய தலைவர் உன்னோடு படித்த மாமாதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கண்மாயைத் தூர்வாரினார், கோயிலுக்கு வெள்ளையடித்தார். இப்போது மந்தைவெளியை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்று நிற்கிறார். ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. கொட்டை போட்டால் என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம். தவணை முடிந்ததும் பிரம்பைக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்து, நம் வீட்டு முன்னறையில் இருக்கிற என் தையல் கடையில் வைத்தார். மறுநாள் காலையில் காரும் அனுப்பினார். போய் இறங்கினால் பானையையும் காணோம், திரையையும் காணோம். மாலையும் மேளமும் தயாராக இருந்தன.

"ஊரைக் கேட்டாச்சா?" என்றேன். மாமா பக்கத்தில் வந்து, "எல்லாருக்கும் சம்மதந்தான் தாயி. எதுக்கு வீணா பானையும் கொட்டையும்? கொடுங்க" என்றார். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பவும் கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மேளக்காரர் குச்சியை ஓங்கினபடியே நிற்கிறார். மூன்றாவது தடவையும் கேட்டேன். யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று கேட்காதே, அது துணிச்சலே இல்லை. கேட்டாச்சு என்று யாரும் சொல்லாமல் கொடுக்க எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பிரம்பைச் சேலை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். "பஸ்ஸுல போற ராணிக்குத் திமிரைப் பாத்தியாடே" என்று பின்னால் ஒரு குரல். அன்று முதல் கடைக்கு எதிரே ஒரு பைக் வந்து நிற்கும். ஓட்டி வந்தவன் இறங்க மாட்டான், என்னையே பார்த்துவிட்டுப் போவான்.

அந்தப் பயம்கூடப் பெரிதில்லை அண்ணே. பிரம்பு ஒரு ராத்திரிக்கு மேல் நம் வீட்டில் தங்கக் கூடாது என்று நீ சொல்வாய். ஏன் என்றால், "தங்கினா வேர் விட்டுரும்" என்று சிரிப்பாய். இரண்டாம் நாளே விட ஆரம்பித்துவிட்டது. ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கண்மாய்த் தண்ணீர் யாருக்கு முதலில், வரப்பைக் கொத்தினது யார், பங்காளி பேசாமல் இருக்கிறான், எல்லாவற்றுக்கும், "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க தாயி, கம்பு ஒங்க கிட்டதான இருக்கு." ஒருவர் நிலக்கடலை கொண்டுவந்தார். ஒருவர் என் நாற்காலியை மெஷினிடமிருந்து இழுத்துக் கடை நடுவில் போட்டார். நான் அதில் உட்கார்ந்தேன். கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கூட உட்கார்ந்தேன்.

கடைசியாகச் சுப்பக்கா வந்தாள். "மந்தை போயிட்டா என் ஆடு எங்கன போவும்? மந்தையைக் கொடுக்கப்பிடாதுன்னு சொல்லுங்க. எவன் மீறுவான்னு பாப்போம்" என்றாள். என் எண்ணமும் அதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் நின்றுகொண்டே இருக்கிறாளே, பெஞ்சு காலியாகத்தானே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். நூலும் வெட்டுத்துணியுமாகக் கிடக்கிற என் கடைக்கு யார் செருப்பைக் கழற்றுவார்கள்? மூலையிலிருந்து விளக்கெண்ணெய் வாடை குப்பென்று வந்தது. உன் கை ஏன் நடுங்கியது என்று அந்த நிமிஷம் புரிந்தது: வியாதி இல்லை, இந்தக் கம்பு நம் கையிலேயே தங்கிவிடுமோ என்ற பயம். மாத்திரைக்காகச் சண்டை பிடித்த என்னை என்ன சொல்ல.

"அக்கா, செருப்பைப் போட்டுட்டு வந்து உக்காருங்க. மந்தைக்கு ஒங்க கையில ஒரு கொட்டை இருக்கு. என் கையில ஒண்ணும் இல்ல" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெறகு எதுக்கு நீங்க? சும்மா பொம்மையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு டிவி முன்னால் நான் உன்னைக் கேட்ட அதே கேள்வி. தேடுவதற்கு எனக்கு ஸ்பேனர்கூட இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். "அண்ணன் இருந்தா டீக்கடையில வச்சுச் சொல்லியிருப்பான், நான் போன்ல சொல்லுதேன். மந்தையைக் கொடுக்கறது எனக்குப் பிடிக்கல, அது ஒங்க காதுக்கு மட்டும். ஆனா அதுக்காக நான் கம்பைப் பிடிச்சு வைக்கல. பானையை வைங்க. ஒங்க பானை கனத்தா ஒங்க கையிலதான் கொடுப்பேன்." அவர், "தோத்துட்டா?" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமா. சீக்கிரம் வந்து வாங்கிட்டுப் போங்க. இது இங்கன இருக்கப்பிடாது." வரப்போகிற கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேண்டும், பிரம்பு இல்லாமல் பூசாரி கட்ட மாட்டார், அதுவும் அவருக்குத் தெரியும். சரி என்றார்.

நேற்றுக் காலையில் கொட்டை போட்டார்கள். மாமாவின் பானைதான் கனத்தது, மந்தையைக் கொடுக்கக் கூடாது என்று நின்றவர் பானையைவிட ஒரு கைப்பிடி அதிகம். நான் கோயில் முன்னால் நின்று, "ஊரைக் கேட்டாச்சா?" என்றேன். "கேட்டாச்சு!" என்று வந்தது பார், காக்கையெல்லாம் பறந்தது. முன்வரிசையில் சுப்பக்கா நின்றாள். கண் கலங்கியிருந்தது. தோற்றவள், அவள் வாயும் "கேட்டாச்சு" என்றுதான் அசைந்தது. ரேடியோப் பெட்டிக்கு முன்னால் யார் அப்படிச் சொல்வார்கள்? "ஆகட்டும்" என்றேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் வெள்ளிப்பூண் மாமாவின் மோதிரத்தில் பட்டுச் சத்தம் போட்டது. டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

இன்று எதிரே பைக் இல்லை. நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன். மந்தையில் கம்பெனிக்காரர்கள் கல் நட வருவார்கள், சுப்பக்கா ஆட்டை எங்கே ஓட்டுவாள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. கறையை வெள்ளையடிக்கச் சொல்லவும் மனசு வரவில்லை, இருந்து பயமுறுத்தட்டும் என்று விட்டிருக்கிறேன். நீ எனக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பயம்தான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் என் கண் நேரே மூலைக்குத்தான் போனது. பிரம்பைக் காணோமே என்று ஒரு நொடி ஏங்கிவிட்டேன் அண்ணே.