ஆடுற மெஷின் நமக்கு வேண்டாம்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்தான், ஆனா கொதிச்சுப் போயிருக்கேன்.

நம்ம மரப்பட்டறைக்கு கம்ப்யூட்டர் சொல்றபடி மரத்தைச் செதுக்குற சின்ன சிஎன்சி ரவுட்டர் மெஷின் வாங்க, மரத்தூள் பட்டாலே தும்முற மாமாகிட்ட யோசனை கேட்டீங்களாமே! நாள் முழுக்க அந்த மெஷினோட மல்லுக்கட்டுற பொண்ணு நான் எதுக்கு இருக்கேன்? அவர் சொன்ன மெஷினைப் பார்த்தேன். மேஜைதான் பெருசு, சட்டம் ஒல்லி. தேக்குல வெட்டினா கிடுகிடுன்னு ஆடும். இங்க பாக்டரில போன வாரம் அப்படி ஆடித்தான் வெட்டுற பிட் ஒடிஞ்சு முகத்துக்குப் பறந்துச்சு. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால ஒண்ணும் ஆகல. அம்மாகிட்ட சொல்லாதீங்க.

பட்டறையை அளந்து எழுதுங்க, நானே மெஷின் பார்க்குறேன். போட்டோவும் வேணும். அதை மாமா எடுக்கட்டும், அதுக்காவது ஆகட்டும். நீங்களும் அம்மாவும் நடுவுல நில்லுங்க. இடம் எவ்வளவுன்னு தெரியணும், அதுக்குத்தான்.

ஷிப்டுக்கு மணி அடிச்சாச்சு.

உங்க மூத்தவள்