அலமாரி மேல் ஒரு பார்சல்

ஜூன் 3

தங்கைக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கத்தை, நீ என்னை விட்டு அந்தப் புழு வளர்க்கும் கம்பெனிக்குப் போன அன்றே விட்டுவிட்டேன். கம்பெனிப் பெயர் அச்சிட்ட உன் பார்சல் வந்தது. வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்கும். பிரிக்காமல் அலமாரி மேல் வீசிவிட்டேன். புழுக்களைத் தரும் ஈக்கள் இணைசேரும் கூண்டை வரைந்தவன் நான். அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயர் மட்டும்! இரண்டு வருடமாகியும் ஆறவில்லை.

நீ இல்லாமலும் புழுக் கொட்டகை நன்றாகவே நடக்கிறது. மாவு ஆலையின் கிழங்குச் சக்கையை என் புழுக்கள் தின்று உரமாக்குகின்றன. புதுச் சக்கையைச் சின்னத் தட்டில் ஒரு நாள் சோதிக்கும் உன் பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். நீ சொல்லித்தந்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை.

அண்ணன்

ஜூன் 6

அன்புள்ள அண்ணா,

ஃபோனையும் எடுக்கமாட்டாய். அது நோட்டீஸ் இல்லை. உள்ளே உயிர் இருக்கிறது. கோபம் அப்புறம், முதலில் பிரி.

தங்கை

ஜூன் 10

தங்கச்சி,

உன் கடிதம் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நேற்றுக் காலை புழுக்கள் சக்கையை விட்டுச் சுவரேறிக்கொண்டிருந்தன. மத்தியானம் பன்னிரண்டு தொட்டியிலும் அசைவில்லை. ஆலை மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன புழு வாத்தியாரே, உங்க பசங்க உண்ணாவிரதமா? பதினஞ்சு நாள் பாப்பேன். அப்புறம் சக்கை எடுக்க வேற ஆள்தான்” என்றார்.

இன்றுதான் பார்சலைப் பிரித்தேன். ஈக்கள் முட்டையிட்ட அட்டைத் துண்டின் துளைகளில் சாம்பல் நிறத் தூசி. முட்டை பொரிந்து வந்த குஞ்சுப் புழுக்கள், தின்ன ஒன்றுமில்லாமல், அலமாரி மேலேயே காய்ந்துபோயிருக்கின்றன. கூடவே உன் சீட்டு: “ஆலையில் தொட்டி கழுவும் மருந்தை மாற்றிவிட்டார்கள். அந்தச் சக்கையைத் தின்ற எங்கள் புழுக்கள் செத்தன. சக்கையைத் தட்டில் சோதி. இந்த முட்டைகளைத் தனியே வளர். நம் பழைய கூண்டு ஈக்களின் வம்சம்தான்.”

இரண்டு முறையும் கொன்றவன் நான்தான். இன்னொரு தடவை முட்டை அனுப்புவாயா? கொட்டகை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அண்ணன்

ஜூன் 14

அண்ணா,

அனுப்ப முட்டை இல்லை. முன்பு அனுப்பியதைக் கம்பெனிக்குத் தெரியாமல் எடுத்தேன். கம்பெனிப் பெட்டியிலேயே அனுப்பிய புத்திசாலி! அகப்பட்டுக்கொண்டேன், போன வாரம் வேலை போய்விட்டது.

தவிட்டைப் புளிக்கவைத்து, மேலே அட்டைகளை அடுக்கி வெளியே வை. வெளி ஈக்கள் வந்து முட்டையிடலாம். மேலாளர் தந்த கெடுவுக்குள் தொட்டிகள் நிறையுமா? நிறையாது என்றே நினைக்கிறேன்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறேன். பார்சலைத்தான் பிரிக்கவில்லை, கதவையாவது திற.

தங்கை