பின் சீட்டிலிருந்து

மே 4

அன்புள்ள அக்கா,

இன்று பொழுது விடிந்ததிலிருந்து ஒரு ஹாரன் சத்தம்கூட என் காதில் விழவில்லை! இருபது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இது எப்பேர்ப்பட்ட சேதி என்று உனக்குப் புரியும்.

நான் சொல்லச் சொல்ல உன் அருமை மருமகள் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். காலையில் ரயிலிலிருந்து இரட்டைச் சைக்கிளை இறக்கியதும் கிளம்பிவிட்டோம். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நான். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சரளைக்கல் கொட்டி, மோட்டார் வண்டி எதுவும் நுழையாதபடி இரண்டு முனையிலும் கம்பம் நட்டுவிட்டார்கள். வலது கைப்பக்கம் ஆறு கூடவே வருகிறது. அகலமாகிற இடத்தில் முணுமுணுக்கிறது, குறுகுகிற இடத்தில் கத்துகிறது. காய்ந்த சரளை டயருக்கடியில் நொறுநொறுவென்கிறது, ஈரச் சரளை சும்மா கிடக்கிறது. மரத்தடிக்குள் நுழைந்தால் முழங்கை சில்லென்று ஆகிவிடுகிறது. பார்வை போன இந்த மூன்று வருஷத்தில் ஒரே நாளில் நான் இவ்வளவு பார்த்ததில்லை அக்கா!

(அத்தை, ஒவ்வொரு இறக்கத்திலும் அப்பா காலால் பிரேக் தேடுகிறார். இல்லாத பிரேக்கை அவர் மிதிக்க மிதிக்க, என் பெடலும் சேர்ந்து நின்று கெண்டைக்காலில் அடிக்கிறது. கேட்டால், "பழக்கதோஷம்மா" என்கிறார்.)

அவள் சொல்வதை நம்பாதே. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம் பாதி, பயம் பாதி. எலும்பு முறிவு வார்டில் இத்தனை வருஷமாக நிற்கிற நர்சிடம் போய்ச் சைக்கிள் கதை சொல்கிறாயே, உனக்கே நியாயமாக இருக்கிறதா? நேற்றுகூட சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். அவருக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும்.

இந்த மாதக் கடைசியில் பெண் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள். அவள் அம்மா இருந்தால் நான் ஏன் கவலைப்படுகிறேன்? கீழ் அறையை உனக்காக ஒழித்தாயிற்று. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாயிற்று. கட்டில் மூலையில் இடித்துக்கொள்வாய் என்று அத்தான் நாலு மூலைக்கும் பஞ்சு சுற்றியிருக்கிறார். நீ வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி.

இதைப் படித்துக் காட்டுகிற வாயாடிக்கு: அடியே, மலைப்பக்கம் ஏறாமல் ஆற்றங்கரையோடு திரும்பி வந்துவிடு. அப்பா கெஞ்சினாலும் கேட்காதே.

அன்புடன்,
அக்கா


மே 8

அன்புள்ள அக்கா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் நலம். மூச்சை விட்டுவிட்டு மேலே படி.

மலைப்பக்கம்தான் போனோம். கெஞ்சியது நான் இல்லை, அவள். ஆற்றை விட்டு விலகியதும் சரளை தடித்தது, பாதை வளைந்து வளைந்து ஏறியது. கணவாயைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கினால் தங்கும் விடுதி. பாதி ஏற்றத்தில், மழை அரித்த ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் வழுக்கி இருவரும் சாய்ந்தோம். எனக்கு முழங்கை சிராய்ப்பு. அவளுக்குக் கணுக்கால் பிசகி, தொட்டாலே கத்துகிறாள்.

கைபேசியில் சிக்னல் இல்லை. வண்டி வராத பாதை என்று குதித்தோமே, உதவிக்கும் ஒரு வண்டி வராது! திரும்பிப் போனால் தூரம் அதிகம். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தாம்பா உங்கள இங்க கூட்டிட்டு வந்தேன். இப்ப என்னப்பா பண்றது?"

"உன்னால ஹேண்டில் பிடிக்க முடியுமா?"

"முடியும். பெடல்தான் மிதிக்க முடியாது."

"நீ மிதிக்க வேண்டாம். வழிய மட்டும் சொல்லு."

இந்தச் சைக்கிளில் முன் பெடலையும் பின் பெடலையும் ஒரு தனிச் செயின் சேர்த்துச் சுற்றுகிறது. அதைக் கழற்றிவிட்டால் அவள் பெடல் அசையாமல் நிற்கும், காலை அதில் வைத்துக்கொள்ளலாம். என் பெடல் தனியாகப் பின் சக்கரத்தைச் சுற்றும். கண்ணி கண்ணியாக விரலால் தடவி, பையிலிருந்த செயின் கழற்றும் கருவியை வைத்துத் திருகினேன். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவதில் செயின் பொத்தென்று மடியில் விழுந்தது. கை பூராவும் கிரீஸ், அக்கா. பஸ் டிப்போ வாசனை!

அப்புறம் ஏறினோம். அவள் உட்கார்ந்து திருப்ப, நான் ஒருவனே மிதித்தேன். "இடது... இடது... பெரிய கல்லு... இப்ப நேரா... அப்பா, விட்றாதீங்க!" பின் சக்கரம் கல்லில் சறுக்கப் போகும்போதெல்லாம் சீட்டு வழியாக எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, எடையைப் பின்னால் தள்ளுவேன், பிடித்துக்கொள்ளும். தொடை எரிந்தது. எங்கே நின்றாலும் நான்தான் காலை ஊன்றி வண்டியையும் அவளையும் தாங்கினேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது. "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டால், "கொஞ்சம்தாம்பா" என்கிறாள். பொய் என்று குரலிலேயே தெரிகிறது.

திடீரென்று எதிரிலிருந்து காற்று வந்து முகத்தில் மோதியது. அதுவரை மலை மறைத்துக்கொண்டிருந்த காற்று! "அப்பா, ஏறிட்டோம்! உச்சிக்கு வந்துட்டோம்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

கீழே விடுதிக்கார அம்மா சூப் கொடுத்தார், கட்டுப் போட்டார். எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று இங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார்.

(அத்தை, நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே அடித்திருக்கிறேன். இன்னொன்று, விடுதிக்கார அம்மா என்னைப் பார்த்து, "இவ்ளோ தூரம் யாரு உன்ன கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டார். "எங்கப்பா" என்றேன். அப்பா அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டார்.)

உன் தம்பி


மே 9

தம்பி,

கணுக்காலை உயரத்தில் வைக்கச் சொல். ஐஸைத் துணியில் சுற்றி ஒற்று. நேராகத் தோலில் வைக்காதே. இரண்டு பேரும் ரயிலேறி நேரே இங்கே வந்துவிடுங்கள். வேறு எதுவும் எழுத எனக்கு இப்போது கை ஓடவில்லை.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

இதை நானே கைபேசியிடம் சொல்லி எழுதுகிறேன். பிழை இருந்தால் அதைத் திட்டு. பெண் நேற்று விடுதிக்குப் போய்விட்டாள். கால் சரியாகிவிட்டது, படியில் தாவி இறங்கிப் போனாள்.

நாங்கள் ரயிலேறி உன்னிடம் வராமல் வீட்டுக்கே வந்ததில் உனக்கு வருத்தம் என்று அத்தான் போனில் சொன்னார். இப்போது சொல்லப்போவதிலும் வருத்தப்படுவாய். நான் உன் வீட்டில் குடியிருக்க வரவில்லை அக்கா.

நீ கூப்பிட்டதில் குறை ஒன்றும் இல்லை. அத்தான் கட்டில் மூலைக்குப் பஞ்சு சுற்றினார் என்று அவள் படித்ததும், அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். ஆனால் அந்த மலை ஏறின பிறகு, மூன்று வருஷமாக எல்லாரும் என்னை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கிறார்கள், நானும் வைத்த இடத்தில் இருக்கிறேன் என்று பட்டது. இடித்துக்கொண்டால் இடித்துக்கொள்கிறேன். இன்று காலை முட்டை பொரித்தேன். ஒன்று தரையில், இரண்டு சட்டியில். கோலைத் தட்டிக்கொண்டு மருந்துக்கடை வரை போய் வந்தேன்.

முன் சீட்டுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. என் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாரே, அவர்! ஓய்வு பெற்றுவிட்டார், வீட்டில் பொழுது போகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய் அதே ஆற்றங்கரைச் சரளைப் பாதையில் ஓட்டினோம். அத்தனை வருஷம் நான் முன்னால், அவர் பின்னால். இப்போது தலைகீழ். கிளம்பும்போது, "ரைட் ரைட்!" என்று கத்திவிட்டு, "நானேதான ஓட்டணும்" என்று சிரித்தார்.

கோபப்படு. ஆனால் பதில் எழுது.

உன் தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

கோபப்பட்டேன். ஒரு வாரம் உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவரும் எடுக்கவில்லை. நான்தான் நாள் பூராவும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வார்டில் ஒரு நோயாளி, ஊன்றுகோலோடு எழுந்து நின்றார். பிடிக்கப் போனேன். "விடுங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்" என்றார். மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறதுதான் இது. உன் விஷயத்தில் மட்டும் எனக்குத் தோன்றாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து அந்தப் பஞ்சையெல்லாம் பிரித்தெடுத்தேன். கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

உன் முடிவு உன்னுடையது. ஆனால் அடுத்த மாதம் எனக்குப் பத்து நாள் லீவு. உன் கண்டக்டரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல். அந்த மலையில் உன்னை நான் கூட்டிப்போகிறேன்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று சிரிப்பாய். பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கினோம். நாலு நாளாக நானும் சைக்கிளும் மாறி மாறி விழுகிறோம். இன்று காலையும் அத்தான் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று கத்திக்கொண்டே போனேன். தெருமுனையில் காலை ஊன்றித் திரும்பிப் பார்க்கிறேன், மனுஷன் அங்கே, எங்கள் வாசலிலேயே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்!

அன்புடன்,
அக்கா